15 ஜி.பி. வீட்டில் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள்?

‘உங்கள் சேமிப்பிடம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது’ என்று ஜிமெயில் எச்சரித்ததும் பலர் செய்கிற முதல் காரியம், போனில் இருக்கும் நாலு பாட்டையும் ரெண்டு ஆப்பையும் தூக்குவது. எச்சரிக்கை அப்படியேதான் இருக்கும். காரணம் எளிது. போன் நிரம்புவது வேறு, கூகுள் கணக்கு நிரம்புவது வேறு. உங்கள் போன் 128 ஜி.பி.யாக இருக்கலாம், கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி.தான்.

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமானபோது ஆளுக்கு 1 ஜி.பி. இடம் என்று அறிவித்தார்கள். மற்ற சேவைகள் சில எம்.பி.க்களை அளந்து அளந்து கொடுத்த காலம் அது. ஏப்ரல் ஃபூல் வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். 2013-ல் ஜிமெயில், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 15 ஜி.பி. என்று ஆனது. அதன் பிறகு வீடு பெரிதாகவில்லை, குடித்தனங்கள்தான் கூடின. 2021 ஜூன் முதல் கூகுள் போட்டோஸில் ஏறும் புதுப் படங்கள் இந்தக் கணக்கில் சேர்ந்தன. 2024-ல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காலையில் சித்தப்பா அனுப்பும் ரோஜாப்பூ ‘குட் மார்னிங்’ படம், வாட்ஸ்அப் பேக்கப்போடு ஒரு முறை உள்ளே போகிறது. வாட்ஸ்அப் படங்களையும் போட்டோஸில் சேமிக்கும்படி எப்போதோ நீங்கள் அனுமதி கொடுத்திருந்தால், அங்கேயும் ஒரு முறை போகிறது. ஒரே ரோஜா, இரண்டு இடத்தில் வாடகை! வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘சாட் பேக்கப்’ பகுதிக்குப் போய் வீடியோக்களைச் சேர்க்கும் வசதியை நிறுத்துங்கள். போட்டோஸில் எந்தெந்த ஃபோல்டர்கள் பேக்கப் ஆகின்றன என்று பார்த்து, வாட்ஸ்அப் ஃபோல்டரை அணைத்துவிடுங்கள். பாதிப் பிரச்னை இங்கேயே தீரும்.

மீதியைத் தீர்க்கப் படங்களை அழிக்கத் தொடங்குகிறோமே, அங்கேதான் நிதானம் வேண்டும். போட்டோஸ் ஆப்பில் ‘இடத்தைக் காலியாக்கு’ என்றொரு பட்டன் உண்டு. ஏற்கெனவே பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து மட்டும் அது நீக்கும். போனுக்கு இடம் கிடைக்கும், கணக்கு இம்மியும் குறையாது. ஆனால் அதே ஆப்பில், பேக்கப் ஆன ஒரு படத்தைத் தொட்டு ‘நீக்கு’ என்று சொன்னால், போனிலிருந்தும் போகும், கணக்கிலிருந்தும் போகும். “போனில்தானே அழித்தேன், மேலே இருக்கும் என்று நினைத்தேன்” என்று குழந்தையின் முதல் வருடப் படங்களைத் தொலைப்பது இப்படித்தான். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். அதற்குள் நினைவு வந்தால் மீட்கலாம், அப்புறம் முடியாது. குப்பைத்தொட்டியில் கிடப்பவையும் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும் என்பது வேறு கதை.

அதனால் முதலில் முக்கியமான படங்களைக் கம்ப்யூட்டருக்கோ பென் டிரைவுக்கோ இறக்குங்கள். இறங்கியவற்றில் சிலவற்றைத் திறந்து பாருங்கள். பிறகு அழியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். கூகுள் ஒன் ஆப்பில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கம் இருக்கிறது. பெரிய வீடியோக்கள், கனமான இணைப்புகள் கொண்ட மெயில்கள் எவை என்று அதுவே எடுத்துக் காட்டும். ஆயிரம் படங்களை ஒவ்வொன்றாய் அழிப்பதைவிட, கல்யாண மண்டபத்தில் எடுத்த ஒரு மணி நேர வீடியோவை அகற்றுவது மேல்.

‘நிரம்பினால் நிரம்பட்டுமே’ என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? புதுப் படங்கள் சேமிக்கப்படாது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கு வரும் மெயில்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். நேர்முகத் தேர்வுக்கு அழைத்தவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று தெரியும். உங்களுக்கு, அப்படியொரு அழைப்பு வந்ததே தெரியாது. தேர்வு ஹால் டிக்கெட், பேங்க் தகவல், ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அளவுக்கு மேலேயே இருந்தால், உள்ளே இருப்பவற்றையே நீக்கலாம் என்பது கூகுளின் விதி.

இந்தப் பதற்றத்தைத்தான் திருடர்கள் காசாக்குகிறார்கள். ‘சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, இங்கே தொடுங்கள்’ என்று வரும் போலி மெயில் ஒரு வகை. எந்த மெயிலில் உள்ள லிங்க்கையும் தொட வேண்டாம். ஜிமெயில் ஆப்பில் மேலே வலது பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே தெரியும்.

இன்னொரு வகை, கஸ்டமர் கேர். கணக்கு திறக்கவில்லை என்றதும் ‘ஜிமெயில் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுகிறோம். இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் அழைத்துப் பேச அப்படியொரு எண் கிடையாது. பணம் கட்டும் கூகுள் ஒன் சந்தாதாரர்களுக்குத்தான் ஆளிடம் உதவி கேட்கும் வசதி. அதுவும் ஆப்புக்கு உள்ளேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு உதவிப் பக்கங்களும், கணக்கு மீட்புப் பக்கமும்தான். ஆகவே தேடலில் கிடைக்கும் பத்து இலக்க மொபைல் எண்ணில் மறுமுனையில் பேசுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரொம்ப மரியாதையாகப் பேசுவார். போன் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார். பத்து ரூபாய் கட்டணம் என்பார். அந்தப் பத்து ரூபாயை நீங்கள் கட்டும்போது, உங்கள் யு.பி.ஐ. பின்னை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைப் பாதி வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கேட்க ஆள் இல்லாத இடம் என்பதால், சாவி கையில் இருக்கும்போதே சில வேலைகளைச் செய்துவிட வேண்டும். கணக்கில் மீட்புக்காகக் கொடுத்த மொபைல் எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா? நம் நாட்டில் கைவிடப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம். பழைய எண்ணை மாற்றாமல் விட்டால், உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாதவர் போனில் போய் விழும். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினால் 10 பேக்கப் குறியீடுகள் எடுக்கலாம். அவற்றைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் இருக்கும் அதே பீரோவில் வையுங்கள். போனிலேயே போட்டோ எடுத்து வைக்காதீர்கள். போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து தொலையும்.

வீட்டுப் பெரியவர்களின் கணக்கைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது. அப்பா காலமான பிறகு, அவர் போன் சார்ஜ் இல்லாமல் மேசைக்குள் கிடக்கும். அவர் எடுத்த படங்கள் அவர் கணக்கில் இருக்கும். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கணக்கு அமைப்புகளில் ‘செயலற்ற கணக்கு நிர்வாகி’ என்ற பகுதி இதற்காகவே 2013 முதல் இருக்கிறது. பெயரைப் பார்த்தே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 3, 6, 12 அல்லது 18 மாதம் கணக்கு அசைவில்லாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், படங்களா மெயில்களா, எதை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று அதில் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் கையாலேயே செய்ய வைத்தால் பத்து நிமிட வேலை.