கடல் நேரத்துக்கு ஒரு கிளினிக்

தாழ்வுபாட்டுக் கரையில் தொழில் செய்கிற நாங்களும் எங்கள் வீட்டுப் பெண்களும் ஒரு சங்கமாகக் கூடி இதை அறிவிக்கிறோம்.

அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை. மன்னார்ப் பெரியாஸ்பத்திரியும் தூரமில்லை, ஓட்டோவில் ஏறினால் போய்விடலாம். ஆனாலும் எங்கள் ஆம்பிளைகள் போவதில்லை. அக்கறையில்லாத சனம் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் காலையில் கரைக்கு வந்து பார்க்கட்டும். கிளினிக்கில் நம்பர் கொடுக்கிற நேரத்தில்தான் படகு கரை தட்டும். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்ற வேண்டும். முறிந்தால் விலை விழும். ஐஸ் போட்டு, நிறுத்துக் கொடுத்து, வலையைத் துப்புரவாக்கி நிமிர வெயில் உச்சிக்கு ஏறிவிடும். கிளினிக் முடிந்திருக்கும். மருந்துக்குக் காசில்லைதான், அந்தக் காலைப்பொழுதுக்கு விலை ஒருநாள் உழைப்பு.

அதனால் சீனி வருத்தம் பலருக்குக் காலில்தான் தெரியவருகிறது. மரத்த பாதத்தில் ஊரி வெட்டினாலும் உறைக்காது. உப்புத்தண்ணியில் நின்று, மஞ்சளைக் கட்டி, புண் மணக்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போவார். விரலை எடுக்கவேண்டும் என்பார்கள். 35 வயது தாண்டியவர்களுக்கான இலவசப் பரிசோதனை நிலையங்கள் நாடெங்கும் உண்டு. அங்கும் ஆண்கள் குறைவு. ஆகவே இதை எங்கள் ஊர்க் குணம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மலேரியா விஷயத்தில் அரசாங்கம் இப்படி உட்கார்ந்திருக்கவில்லை. யுத்த காலத்திலும் மருந்தடிக்க வீடு தேடி வந்தார்கள். அதற்கு முன், 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா என்று கண்டு கையைத் தளர்த்தியதும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது இலட்சக்கணக்கானோருக்குத் திரும்பி வந்தது. அந்தப் பாடம் அவர்களுக்கு மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன்பிறகு ஸ்டீபன்சி என்ற புது நுளம்பு இந்த மன்னார்த் தீவில்தான் பிடிபட்டது, அதுவும் கிணறுகளில். உத்தியோகத்தர்கள் கிணறு கிணறாக எட்டிப் பார்த்தார்கள். நல்லது. நுளம்பைத் தேடி வரத் தெரிந்தவர்களுக்கு மனிதரைத் தேடி வரவும் வழி தெரியும்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. மாதத்தில் இரண்டு பின்னேரம், ஊருக்குள், சீனிக்கும் பிரஷருக்கும் கிளினிக். ஒரு மாத மருந்து கையில். 2022இல் போல மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தால், வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்து அனுப்பிவிடாமல், எது எப்போது வரும் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இடமும் கதிரையும் எங்கள் பொறுப்பு. கிணறுகளை நுளம்பு வலையால் மூடுவதும் எங்கள் பொறுப்பு. வலை கட்டத் தெரியாதவர் இந்த ஊரில் யார்? இந்தியாவுக்கோ வேறு மலேரியா நாட்டுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், இரத்தத்தில் மலேரியா பார்க்கச் சொல்லிக் கேட்பதும் எங்கள் வேலை.

எங்கள் சங்கத்தில் சந்தா கிடையாது. 35 தாண்டியவர் சேர வந்தால், சீனியும் பிரஷரும் பார்த்த கொப்பியோடு வரவேண்டும். தலைவராக நிற்கிறவர் தன் கொப்பியைக் கூட்டத்தில் முதலில் காட்ட வேண்டும்.