ஒற்றும் உண்மையும்

ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். அவ்வதிகாரத்தில் அவர் கூறும் இரண்டு நெறிகள் இன்றைய அரசுகளுக்கும் பொருந்துவன. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்தல் வேண்டும் என்பது ஒன்று. ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருப்பின் அதனை மெய்யெனத் தெளியலாம் என்பது மற்றொன்று. செய்திகளை ஒருங்கே திரட்டுதலும், திரட்டியவற்றைச் சீர்தூக்குதலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே ஒற்றாடல். முன்னதை மட்டும் கைக்கொள்ளும் அரசு, பாதி வள்ளுவத்தையே கற்ற அரசாகும்.

திரட்டாமையால் விளையும் கேடு பெரிது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ மூவாயிரம் பேரைப் பலிகொண்ட தாக்குதலை ஆராய்ந்த ஆணையம், 2004இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விமானங்களைக் கடத்தியவர்களுள் இருவரைப் பற்றி 2000ஆம் ஆண்டிலேயே சி.ஐ.ஏ. அறிந்திருந்தது. ஆயினும், உள்நாட்டில் புலனாய்வு செய்யும் எஃப்.பி.ஐ.க்கு அச்செய்தி உரிய காலத்தில் சென்றடையவில்லை. 2001 ஆகஸ்டு இறுதியில்தான் அவர்தம் பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் ஏறின. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

நம் நாட்டின் பட்டறிவும் இதுவே. 2008 நவம்பரில் கடல்வழி வந்த பத்துப் பேர் மும்பையில் 166 உயிர்களைப் பறித்தனர். முன்னெச்சரிக்கைகள் வந்திருந்தும், அவை முறையாகக் கையாளப்படவில்லை. மாண்டவர்களுள் முஸ்லிம்களும் பலர். கொலையாளிகளின் உடல்களுக்குத் தம் அடக்கத்தலத்தில் இடமில்லை என மும்பை முஸ்லிம் பெருமக்கள் மறுத்தமை, இச்சமுதாயத்தின் உள்ளத்தை உலகிற்கு உணர்த்திற்று. கார்கில் போருக்குப் பின் 2001இல் நடுவண் அரசு தோற்றுவித்த பல்முகமை மையம், மும்பைத் துயருக்குப் பின் வலுப்படுத்தப்பட்டது. உளவு அமைப்புகள் தகவல்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இருத்தலாகாது.

எனினும், ஆராயாது பகிர்வதும் கேடே. சிரியாவில் பிறந்த கனடா நாட்டுப் பொறியாளர் மாகெர் அரார், 2001இல் காவல்துறையின் கண்காணிப்பில் இருந்த ஒருவரை உணவகத்தில் சந்தித்தார். அச்சந்திப்பே அவர்மீது ஐயம் எழப் போதுமானதாயிற்று. கனடாக் காவல்துறை அவரையும் அவர்தம் மனைவியையும் அல்காயிதாவுடன் தொடர்புடையோராக ஐயுறப்படும் தீவிரவாதிகள் என அமெரிக்காவிற்கு எழுதிற்று. 2002 செப்டம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் பிடிபட்ட அவர், சிரியாவுக்கு அனுப்பப்பட்டுச் சிறையில் வதைக்கப்பட்டார். அங்கு அவரிடம் பெறப்பட்ட வாக்குமூலம் கனடாவின் அரசுத் துறைகளிடையே வலம் வந்தது. அது வதையின் விளைவாக இருக்கலாம் என்னும் எச்சரிக்கை அதனுடன் செல்லவில்லை. 2006இல் நீதிபதி ஓ'கானர் ஆணையம் அவர்மீது குற்றம் ஏதுமில்லை எனத் தெளிவுபடுத்திற்று. 2007இல் கனடா அரசு மன்னிப்புக் கோரி, ஒரு கோடியே ஐந்து இலட்சம் கனடா டாலர் இழப்பீடு வழங்கிற்று.

இங்கு நிகழ்ந்தது என்ன? ஓர் அலுவலகத்தின் ஐயம் அடுத்த அலுவலகத்தின் கோப்பில் செய்தியாயிற்று. செய்தி மூன்றாவது இடத்தில் முடிவாயிற்று. வள்ளுவர் வேண்டியதோ ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல். ஒருவர் சொல்லை மூவர் படியெடுத்தால் அது மூன்று சான்றாகுமா? படிகள் பெருகலாம், உண்மை பெருகாது.

செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிக, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தற்க என்னும் அறிவுரையைத் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயமும் வழங்குகிறது. குறளும் மறையும் ஒருசேர வலியுறுத்தும் இந்நெறியைச் சட்டமாக்குதல் அரசின் கடன். நம் நாட்டின் உளவுப் பணியகத்திற்கு நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய செய்திகள் நீங்கலாக, உளவு அமைப்புகளுக்கு விலக்களிக்கிறது. மறைபொருள் காத்தல் தேவையே. ஆயினும், தம்மைப் பற்றிய பிழையைத் திருத்த வழியற்று ஒரு குடிமகன் நிற்கலாமா?

எனவே மூன்று வேண்டும். பகிரப்படும் ஒவ்வொரு தகவலும் அது ஐயமா, சான்றா என்னும் குறிப்புடன் செல்லுதல் வேண்டும். பிழை கண்டவிடத்துத் திருத்தமும் அதே வழியில், அதே விரைவில் செல்லுதல் வேண்டும். கனடா 2019இல் நிறுவியது போன்று, கோப்புகளைத் திறந்து பார்க்கும் அதிகாரமுடைய தற்சார்பான மேற்பார்வை அமைப்பு இங்கும் வேண்டும்.

நாளை ஆட்சிப் பணியிலும் காவல் பணியிலும் அமரவிருக்கும் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் இருத்துதல் நன்று. உங்கள் மேசைக்கு வரும் கோப்பில் இருப்பது வெறும் பெயரன்று. ஒரு குடும்பத்தின் வாழ்வு. சமுதாயப் பெரியோர்களும் குற்றத்தை மறைக்காது உரைத்தலையும், வதந்தியைப் பரப்பாது காத்தலையும் இளையோர்க்குக் கற்பித்தல் வேண்டும். மெய்ச்செய்தி விரைந்து செல்லட்டும். பொய்ச்செய்தி வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்படட்டும். நாட்டின் காவலும் நீதியின் காவலும் அவ்விடத்தே ஒன்றாகும்.