எந்தச் சமூகத்தின் ஆரோக்கியம்?

எங்க ஆவூர்ப் பக்கம் 'சமூகம்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். விராலிமலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் 'நீங்க எந்தச் சமூகம்மா?' என்று கேட்டால் சாதியைக் கேட்கிறார் என்று பொருள். கல்யாணத் தரகரும், சுவரில் ஒட்டின சாதிச் சங்கப் போஸ்டரும் அதே அர்த்தத்தில்தான் அதைச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை எடுத்து 'சமூக ஆரோக்கியம்', 'சமூகப் பங்கேற்பு' என்று பேனர் அடித்துக்கொண்டு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் நாலு வருசம் களப்பணியாளராக இருந்தேன். பஸ்ஸில் கேட்ட சொல் வேறு, பேனரில் இருக்கிற சொல் வேறு என்று நம்பித்தான் சேர்ந்தேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் 'நாங்க அப்படி இல்ல' என்று தப்பித்துக்கொள்வார்கள்.

சேவை என்பது எங்களுக்குப் புதுசு கிடையாது. வீரமாமுனிவர் பணிசெய்த கோயில் எங்க ஊரில் இருக்கு. முந்நூறு வருசமாக யாராவது எங்களுக்குச் சேவை செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். வேதத்துக்குப் போன எங்க தாத்தா சேரியிலேயேதான் இருந்தார். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் சாதியில் சேராதவராகவும் ஆக்கியது. சேவை செய்ய வந்தவரிடம் கணக்குக் கேட்கக்கூடாது என்பது மட்டும் எங்க ரத்தத்தில் ஊறிப் போச்சு. இப்ப கேட்கிறேன்.

அக்டோபர் 15, உலகக் கைகழுவும் நாள். ஊர் மந்தையில் கூட்டம். சேரிப் பெண்களையும் நான்தான் போய்க் கூட்டிவந்தேன். வந்தவர்கள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமாகவே நின்றார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இல்லை. பயிற்சியாளர் படம் காட்டி, சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்க்கணும் என்றார். ஒரு பெரியவங்க என்னைப் பார்த்துக் கேட்டாங்க: 'ஏ ஆத்தா, கையக் கழுவச் சொல்றீகளே, எங்க கொழாயில மூணு நாளைக்கு ஒருக்காதான வருது. அந்தத் தொட்டியில தெனம் வருது. அந்தத் தண்ணிய இங்கிட்டுத் திருப்பி விடச் சொல்லேன்.' எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்றைய அறிக்கையை எழுதியது நான்தான். 'பட்டியலினப் பெண்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று எழுதினேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் 'இந்த ஊர்ல ஊருக்கு ஒரு தொட்டி, சேரிக்கு ஒரு தொட்டி இருக்கு, அதையும் அறிக்கையில் போடலாமா' என்று கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் நல்ல மனுசன், அதட்டக்கூட மாட்டார். 'அது உணர்வுபூர்வமான விஷயம்மா. நாம நடத்தை மாற்றத்துக்குத்தான் வந்திருக்கோம்' என்றார். யாருடைய நடத்தை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. சேரிக்காரியின் கையை இருபது விநாடி தேய்க்க வைப்பது நடத்தை மாற்றமாம். அந்தக் கை தொட்ட தண்ணீரைத் தீட்டு என்று கொட்டுகிறவனின் நடத்தையை மாற்றுவது திட்டத்துக்கு வெளியே!

2022 டிசம்பரில் பக்கத்து ஒன்றியமான அன்னவாசலில், முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில் சேரிக் குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் தண்ணீரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். டிசம்பர் 26 அன்று பையன்கள் பத்தாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம் கிடந்தது. 1854இல் லண்டனில் காலராவுக்குக் காரணம் ஒரு தெருக் குழாய்தான் என்று ஜான் ஸ்நோ கண்டுபிடித்ததைப் பொதுச் சுகாதாரப் பாடத்தில் முதல் பக்கத்தில் வைக்கிறார்கள். வேங்கைவயலில் தொட்டியில் ஏறிய பையன்கள் செய்ததும் அதே வேலைதான். அவர்கள் எந்தப் பாடத்தில் வரப்போகிறார்கள்?

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்தார்கள். தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலித்துகள் போக முடியாமல் இருந்தது. ஒரே நாளில் ஆட்சியர் கண்ணுக்குப் பட்ட இந்த இரண்டும், வருசக்கணக்கில் அந்த வட்டாரமெல்லாம் ஆரோக்கியக் கணக்கெடுத்த எங்களில் ஒருத்தர் படிவத்திலும் ஏறவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை, வேங்கைவயல் தலித் இளைஞர்கள் மூன்று பேரையே குற்றவாளிகள் என்றது. இதை ஏற்க முடியாதென்று அந்த மக்களும் இயக்கங்களும் கட்சிகளும் சொன்னார்கள். யார் செய்தார் என்ற தீர்ப்பை நான் எழுத வரவில்லை. ஆனால் சேரிக்கென்று தனித் தொட்டி கட்டியது யார்? அதற்குப் புலனாய்வு வேண்டாம், ஊராட்சிப் பதிவேடு போதும். அரசாங்கம் கட்டியது. சிமெண்டில் கட்டிய தீண்டாமை அது. குடிநீர்த் திட்டச் சாதனை என்று அதற்கும் எண்ணிக்கை எழுதியிருப்பார்கள்.

1927 மார்ச் 20, மகாத். அம்பேத்கர் தலைமையில் நம் ஆட்கள் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டதென்று சாதி இந்துக்கள் சாணியும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றிப் 'புனிதப்படுத்தினார்கள்'. சாணியும் மூத்திரமும் கலந்த தண்ணீர் சுத்தம், மனிதன் கை பட்ட தண்ணீர் அசுத்தம். இப்படிப்பட்ட நாட்டில் சுகாதாரத்தை நுண்ணுயிரியிலிருந்து மட்டும் சொல்லிக்கொடுக்க வந்தால் எப்படி?

உலகமெல்லாம் தன்னார்வ அமைப்புகள் மக்கள் நல்வாழ்வுக்கு வேலை செய்தது பொய்யில்லை. நல்ல கதைகளும் இருக்கு, ஆனால் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லும்போது அதன் முதுகெலும்பை உருவிவிட்டுத்தான் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட். ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற டாக்டர் தம்பதி 1970இல் தொடங்கியது. படிக்காத கிராமத்துப் பெண்களே ஆரோக்கியப் பணியாளர்கள், அவர்களில் தலித் பெண்கள் பலர். இதுவரை பயிற்சியில் வரும். வராதது ஒன்று இருக்கு. பஞ்ச காலத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டபோது தலித் குடியிருப்பில் பார்த்துப் போட்டார்கள். தண்ணீர் வேணும்னா மேல்சாதிக்காரன் சேரிக்கு வந்தாகணும். தாகத்துக்கு முன்னால் தீட்டு எத்தனை நாளைக்கு நிற்கும்? ஜாம்கேட்டின் வைத்தியத்தில் பாதி மருந்துப் பெட்டியில் இல்லை, கிணறு தோண்டின இடத்தில் இருக்கு.

வங்கதேசத்தில் சாவார். விடுதலைப் போர் முடிந்து 1972இல் ஜஃப்ருல்லா சவுத்ரி ஆரம்பித்த கணசாஸ்த்ய கேந்திரா. அங்கே பெண் பணியாளர்கள் சைக்கிளில் போனதே ஒரு கலகம். (1990களின் தொடக்கத்தில் நம்ம புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்ற கதை நினைவுக்கு வருதா? எங்க அம்மாவும் அதில் ஒருத்தி. முழங்கால் தழும்பை இன்னும் காட்டுவாங்க.) 1978இல் அல்மா அட்டாவில் அரசாங்கங்கள் கூடி, 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நல்வாழ்வு என்று கையெழுத்துப் போட்டன. அந்த 2000ஆம் ஆண்டு டிசம்பரில் உலகம் முழுக்க இருந்து மக்கள் இயக்கங்கள் இதே சாவாரில் கூடி, எங்கே அந்த வாக்குறுதி என்று கேட்டன. தென்னாப்பிரிக்காவில் 1998இல் தொடங்கிய சிகிச்சைக்கான இயக்கம், எச்.ஐ.வி. உள்ளவர்களையே தெருவில் இறக்கியது. அரசாங்கத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தாகணும் என்று 2002இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது. இவர்கள் யாரும் ஆரோக்கியத்தை அதிகாரத்திலிருந்து பிரித்துப் பேசவில்லை.

பிரித்துப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2019 செப்டம்பர், மத்தியப் பிரதேசம் சிவ்புரி மாவட்டம் பாவ்கேடி. திறந்த வெளியில் மலம் கழித்ததாகச் சொல்லி இரண்டு தலித் பிள்ளைகளை அடித்தே கொன்றார்கள். வீட்டில் கழிப்பறை இல்லை. 'வெட்கப்பட வைத்துத் திருத்து' என்பது கழிப்பறைத் திட்டங்களில் உலகளவில் புழங்கும் உத்தி. காலங்காலமாக எங்களைப் பார்த்து முகம் சுளித்தவன் கையில் அதைக் கொடுத்தால் தடியாகத்தான் மாறும். 2006இல் வெளிவந்த கிராமப்புறத் தீண்டாமை ஆய்வு, 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள், பாதிக்குச் சற்றுக் குறைவான கிராமங்களில் பொதுத் தண்ணீர் மறுக்கப்பட்டது என்று அது சொன்னது. ஊசி போடுகிறவர் வாசலுக்கு வெளியே நின்றால் தடுப்பூசி விழுக்காட்டை வைத்து என்ன செய்ய?

தொண்டு நிறுவனங்களின் பயத்தையும் சொல்லணும், அதுதான் நேர்மை. வெளிநாட்டு நிதிச் சட்டம் 2010இல் வந்து, 2020 திருத்தத்தில் இன்னும் இறுகியது. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு சின்ன அமைப்புக்குக் கொடுக்கக்கூடாது. 'அரசியல் தன்மை' என்று முத்திரை விழுந்தால் உரிமம் போச்சு. எங்க ஒருங்கிணைப்பாளர் கோழை இல்லை. பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர். ஆனால் சாதியைப் பேசாமல் இருப்பதும் ஒரு அரசியல் தன்மைதான், அதற்கு மட்டும் உரிமம் ரத்தாவதில்லை.

தோழர்களே, நம்ம பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். கோயில் நுழைவுக்கு நிற்கிற நாம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் எத்தனை முறை நின்றிருக்கிறோம்? 2005 தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் வந்தபின் ஊருக்கு ஊர் சுகாதாரம், குடிநீர், ஊட்டச்சத்துக் குழு இருக்கணும். அதற்கு வருசம் பத்தாயிரம் ரூபாய் என்று திட்டத்தில் எழுதியிருக்கு. உங்க ஊர்க் குழுவில் நம்ம ஆள் யார் என்று தெரியுமா? நான் வேலை பார்த்த ஊர்களில் பல இடத்தில் அந்தம்மாவுக்கே தான் உறுப்பினர் என்று தெரியாது. கையெழுத்து மட்டும் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள். ஆரோக்கியத்தைத் தொண்டு நிறுவனத்து வேலை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அவர்கள் சாதியை இயக்கத்து வேலை என்று ஒதுக்கினார்கள். நடுவில் தொட்டி கிடந்தது.

நான் வேலையை விட்டு ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப அஞ்சாறு பேர் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஒரு கணக்கெடுக்கிறோம். தொட்டி எத்தனை, எது எந்தத் தெருவுக்கு, நர்சம்மா யார் வீட்டுக்குள் உட்கார்றாங்க, யார் வாசலில் நின்னபடி மாத்திரை தர்றாங்க, அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கு. பள்ளிக்கூட நோட்டில்தான் எழுதுகிறோம். சந்தேகமுள்ள மாணவத் தோழர்கள் லீவுக்கு வந்தால் கூட நடக்கலாம், செருப்பு நல்லதாகப் போட்டு வரணும்.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் ஒரு ஊராட்சியில் மனு கொடுத்தோம். ரெண்டு தொட்டி வேண்டாம், ஊருக்கும் சேரிக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய், அது சேரிக்குள் இருக்கட்டும் என்று. மனுவை வாங்கினவர் ரெண்டு தடவை படித்தார். 'இதக் குடிநீர்ல சேக்கவா, சாதிப் பிரச்சினையில சேக்கவா?' என்று கேட்டார். ரெண்டிலயும் எழுதுங்க என்றோம். பேனாவைக் கையில் பிடித்தபடி தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.