விதைநெல்லும் மெமரி கார்டும்

"கார்டு பழுதாகியிருக்கு, ஃபார்மட் செய்யவா?" என்று போன் கேட்டது. அப்போ நான் வரப்புல நின்னுக்கிட்டிருந்தேன். கையில சேறு, கண்ணாடியும் போடல. என்னமோ கேக்குதுன்னு நினைச்சு 'ஓகே'யை அமுக்கிட்டேன். அதுல 1,100 பாட்டுக்கு மேல இருந்துச்சு. இருபது வருஷமா சேர்த்தது. வீட்டுக்கு வந்து திறந்தா ஒண்ணுமே இல்லை.

போனது சினிமாப் பாட்டு மட்டும்னா இதை எழுதியிருக்க மாட்டேன். எங்க அம்மா நடவுக்கு முன்பாட்டு பாடுறவங்க. அவங்க ஒரு அடி எடுத்துக் கொடுத்தா பத்துப் பதினைஞ்சு பொம்பளைங்க பின்னாடி வாங்கிப் பாடுவாங்க. பழைய பட்டன் போன்ல ஏழு பாட்டு பதிஞ்சு வச்சிருந்தேன். அம்மா 2019ல தவறிட்டாங்க. அந்த ஏழும் அந்த ஒரே கார்டுலதான் இருந்துச்சு.

அக்கா மகனுக்கு போன் போட்டேன். அவன் முதல்ல சொன்னது, "மாமா, கார்டை உடனே கழட்டுங்க. ஒரு போட்டோகூட எடுத்துராதீங்க" என்பதுதான். ஏன்னு அப்புறம் விளக்கினான். எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ஃபார்மட் பண்ணினா பெரும்பாலும் அழியறது அடங்கல் கணக்குதான், நிலம் அப்படியே கிடக்கும். எந்தப் பாட்டு எங்கே இருக்குன்னு எழுதி வச்ச கணக்கு போயிடும், பாட்டு உள்ளேயேதான் இருக்கும். ஆனா அது மேல புதுசா எதையாவது பதிஞ்சா, வேற ஆளு வந்து உழுத மாதிரி. அப்புறம் திரும்ப வராது.

ஞாயித்துக்கிழமை அவனே வந்தான். லேப்டாப்ல கார்டைச் சொருகி, ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருளை ஓட விட்டான். கிடைக்கிறதை அதே கார்டுல எழுதாம லேப்டாப்லதான் எழுதணுமாம். ராத்திரி பூரா ஓடுச்சு. காலையில 900 பாட்டுக்கு மேல வந்திருந்துச்சு. ஆனா ஒண்ணுக்கும் பேரு இல்லை, எல்லாம் வெறும் நம்பர். சினிமாப் பாட்டுல நிறையவற்றுக்கு எம்பி3க்கு உள்ளேயே படத்துப் பேரு எழுதியிருக்கும், அதை வச்சுப் பேரு போட்டுட்டான். அம்மா பாட்டுல யாரு எழுதி வச்சா? ஒவ்வொண்ணா கேட்டுத்தான் தேடினோம். ஏழுல நாலு கிடைச்சுது. அதுலயும் ஒண்ணு பாதியில அறுந்துபோச்சு. என் பேத்திக்குப் பாடின தாலாட்டு வரவே இல்லை.

இப்போ என் கருத்தைச் சொல்றேன். "யூட்யூப்ல எல்லாம் இருக்கே, எதுக்குய்யா சேர்த்து வைக்கணும்?"னு கேக்குறாங்க. இளையராஜா பாட்டு இருக்கும், ராஜரத்தினம் பிள்ளை தோடி இருக்கும். எங்க அம்மா பாட்டு அங்கே இருக்குமா? அது உலகத்துலயே என் ஒருத்தன்கிட்டதான் இருந்துச்சு. எங்கேயும் கிடைக்கிறதை இருபது வருஷம் தேடித் தேடிச் சேர்த்தவன், வேற எங்கேயும் கிடைக்காததுக்கு ஒரு காப்பி எடுக்கல. குத்தம் போன் மேல இல்லை, என் மேலதான்.

விவசாயிக்கு இது தெரியாத பாடமும் இல்லை. நம்ம ஆதிரெங்கம் நெல் ஜெயராமன் என்ன செஞ்சார்? நெல் திருவிழாவுல 2 கிலோ விதை கொடுத்து, விளைஞ்சதும் 4 கிலோவா திருப்பித் தரச் சொன்னார். 174 பாரம்பரிய ரகங்களைச் சேகரிச்ச மனுஷன் எல்லாத்தையும் தன் குதிருக்குள்ளேயே பூட்டி வைக்கல. ஒருத்தன் வயல்ல வெள்ளம் நின்னாலும் இன்னொருத்தன் வயல்ல அந்த ரகம் இருக்கும். பாட்டுக்கும் அதே கணக்குதான்.

ஒரே வீட்டுல ரெண்டு காப்பி வைக்கிறதும் போதாது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ எங்க ஓடு பறந்துபோச்சு. மன்னார்குடி கடையில லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிஞ்ச கேசட்டெல்லாம் அலமாரியோட ஊறிப்போச்சு. சட்டைப்பையில போன் இருந்ததால கார்டு மட்டும் தப்பிச்சுது. அப்பவே புத்தி வந்திருக்கணும்.

இப்போ நான் செய்யறதைச் சொல்றேன். பெரிய செலவு இல்லை. எம்பி3 பாட்டு ஒண்ணு சுமாரா 5 எம்பிதான் வரும், ஆயிரம் பாட்டும் 8 ஜிபி பென்டிரைவுக்குள்ள அடங்கிடும். போன்ல ஒண்ணு, பீரோவுல இருக்கிற பென்டிரைவுல ஒண்ணு, திருப்பூர்ல மக வீட்டுல ஒண்ணு. அம்மா பாட்டு நாலும் கூடுதலா கூகுள் டிரைவுலயும் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் யாரு பாடினது, என்ன பாட்டு, எந்த வருஷம்னு பேரு போட்டாச்சு. பென்டிரைவையும் சும்மா வருஷக்கணக்கா போட்டு வைக்கக் கூடாதாம். அதனால விதைக்கு முளைப்பு பார்க்கிற மாதிரி, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து நாலு பாட்டு போட்டுப் பார்த்துடணும். நான் பொங்கலுக்குப் பார்க்கிறதா வச்சிருக்கேன்.

இன்னொண்ணும் செஞ்சேன். அம்மாகூட நடவு நட்ட ரெண்டு பெரியம்மா இன்னும் இருக்காங்க. ஒருத்தவங்களுக்கு எழுபதுக்கு மேல, இன்னொருத்தவங்களுக்கு எண்பது. அறுந்துபோன பாட்டை அவங்ககிட்ட போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு, அம்மா விட்ட இடத்துலேருந்து எடுத்துப் பாடினாங்க. குரல் வேறதான், ஆனா பாட்டு முழுசா வந்துடுச்சு. பதிஞ்ச அன்னைக்கே மூணு இடத்துக்கும் அனுப்பிட்டேன்.

தாலாட்டு அவங்களுக்கும் தெரியல. அது அம்மாவே கட்டிப் பாடினது.

உங்க வீட்டுலயும் அப்பத்தாவோ அம்மாச்சியோ ஒரு பாட்டு வச்சிருப்பாங்க. சினிமாப் பாட்டு எங்கேயும் ஓடிப் போகாது. இன்னைக்குச் சாயங்காலம் மாடு கட்டிட்டு வந்ததும் அவங்க பக்கத்துல போய் உட்காருங்க. பாடச் சொல்லிப் பதிங்க. பதிஞ்சதோட விட்டுடாதீங்க, அன்னைக்கே இன்னொரு வீட்டுக்கும் அனுப்பிடுங்க.