கற்பிட்டிக் களப்பு: காற்றைத் தேடி வருவோரும் கரையை நம்பி வாழ்வோரும்

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டி, இன்று பல நாடுகளிலுள்ள ‘கைட் சர்ஃபிங்’ பிரியர்கள் அறிந்த பெயர். பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அதன் இழுவையில் பலகை மீது நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு இது. மே முதல் ஒக்டோபர் வரை வீசும் தென்மேற்குக் காற்றும், டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை வீசும் வடகீழ்க் காற்றும் அவர்களை இங்கு அழைத்து வருகின்றன.

அவர்கள் தேடுவது ஆடம்பர ஹோட்டல்களை அல்ல. ஆழம் குறைந்த, அலையற்ற நீரும், காற்றை மறிக்கும் கட்டடங்கள் இல்லாத மணல் கரையும்தான் அவர்களுக்கு வேண்டும். ‘முன்னேறாத இடம்’ என்று நாம் குறையாகச் சொல்வதே அவர்களுக்கு நிறைவாகத் தெரிகிறது.

ஆனால் அது ஆளில்லாத கரை அல்ல. அதே ஆழமற்ற நீரில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன, மீனவர்கள் வலை விரிக்கிறார்கள், படகுகள் கரையேறுகின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் தஞ்சமடைந்ததும் இந்தப் பகுதியில்தான். ஒருமுறை காணியை இழந்தவர்களின் பிள்ளைகள் இங்கே வாழ்கிறார்கள்.

14 தீவுகளை உள்ளடக்கிய கற்பிட்டி சுற்றுலாத் திட்டம் வந்தபோது, காணியும் கரைக்குச் செல்லும் பாதையும் பறிபோகும் என்று மீனவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்தக் கவலை இன்றும் பொருத்தமானதே.

ஆடை, மது குறித்து நம் குடும்பங்களுக்குள்ள கவலை நியாயமானது. ஊரின் நடைமுறையை விருந்தினருக்குக் கண்ணியமாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் அது தீரும். விற்ற காணியோ திரும்பி வராது. வேலி விழுந்துவிட்டால், நேற்றுவரை படகு இழுத்த வழியில் நாளை அனுமதி கேட்டு நிற்க நேரும்.

எனவே, விற்பதற்கு முன் குத்தகைக்குக் கொடுக்க முடியுமா என்று யோசிப்போம். தங்குமிடம், சமையல், படகுச் சேவை ஆகியவற்றை நம் இளைஞர்களே நடத்தட்டும். கடற்கரையோரக் கட்டுமானங்களுக்கு 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை. அது பெறப்பட்டதா எனக் கேட்பது நம் உரிமை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் மீனவர் சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து, படகுத் துறைகளையும் பொதுப் பாதைகளையும் பட்டியலிட்டு பிரதேச செயலகத்தில் எழுத்துமூலம் ஒப்படைக்க வேண்டும்.

விருந்தினரை வரவேற்போம். களப்பு நம் கையில் உள்ள அமானிதம்; அதை அடுத்த தலைமுறையிடம் குறையாமல் சேர்ப்போம்.