ஹந்தலா எதைப் பார்க்கிறான்?

பெத்லகேமில் இஸ்ரேல் எழுப்பிய சுவரிலும், லண்டன் ஊர்வலங்களின் பதாகைகளிலும், சாவிக்கொத்துகளிலும் ஒரு சிறுவன் நிற்கிறான். இளைஞர்கள் அவனைக் கையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். வெறுங்கால், ஒட்டுப்போட்ட சட்டை, முள்ளாய்ச் சிலிர்த்த தலைமுடி. கைகளைப் பின்னால் கட்டியபடி நமக்கு முதுகு காட்டி நிற்பான்.

அவன் பெயர் ஹந்தலா. பாலஸ்தீனக் கார்ட்டூனிஸ்ட் நாஜி அல்-அலியின் படைப்பு. 1948இல் கலிலேயாவின் அல்-ஷஜரா கிராமத்திலிருந்து குடும்பத்தோடு அகதியானபோது நாஜிக்குப் பத்து வயதிருக்கும். லெபனானின் அய்ன் அல்-ஹில்வே முகாமில் வளர்ந்தவரை 1961இல் பத்திரிகைக்கு அறிமுகப்படுத்தியவர் எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி. 1969இல் குவைத் நாளிதழ் ஒன்றில் ஹந்தலா பிறந்தான். 1973இல் முதுகைக் காட்டி நின்றவன் பிறகு திரும்பவேயில்லை. ஊர் திரும்பும்வரை அவன் வயது பத்துதான் என்றார் நாஜி.

அவன் உலகெங்கும் பரவியதற்குக் காரணமே அந்த முதுகுதான். முகம் தெரியாததால் வீடிழந்த எந்தக் குழந்தையும் அவனாகலாம். ஓவியம் கற்காதவரும் சுண்ணாம்புக்கட்டியால் அவனைச் சுவரில் வரைந்துவிடலாம்.

ஆனால், அப்படிப் பரவியபோது அவன் எதிரில் இருந்த காட்சி தொலைந்துவிட்டது. நாஜியின் படங்களில் ஹந்தலா ஒரு சாட்சி. இஸ்ரேலியப் படையின் கொடுமையை மட்டும் அவன் பார்க்கவில்லை. உப்பிப் பெருத்த உடம்போடு திரியும் அரபுப் பிரமுகர்களை, அமெரிக்காவுக்குத் தலையாட்டும் ஆட்சியாளர்களை, மக்களை மறந்து பேரம் பேசிய பாலஸ்தீனத் தலைமையை, எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு நாஜி கொடுத்த விலை பெரிது. குவைத்திலிருந்து வெளியேற்றப்பட்டு 1985இல் லண்டன் போனார். 1987 ஜூலை 22 அன்று அல்-கபஸ் நாளிதழின் லண்டன் அலுவலகத்துக்கு வெளியே சுடப்பட்டு, ஆகஸ்ட் 29 அன்று இறந்தார். 2017இல் லண்டன் காவல்துறை மீண்டும் தகவல் கேட்டு முறையிட்டது. கொலைக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

காசா மக்களுக்கு உதவிப் பொருள்களோடு 2025இல் புறப்பட்டு, இஸ்ரேலியக் கடற்படையால் மறிக்கப்பட்ட படகுக்கு ஹந்தலா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால், சட்டைப் பையில் குத்தும் வில்லையாக மட்டும் அவன் சுருங்குவதுதான் எனக்கு வலிக்கிறது. தனியே வெட்டியெடுக்கப்பட்ட ஹந்தலா யாரையும் உறுத்துவதில்லை. நாஜி யாரைக் குற்றவாளியாக வரைந்தாரோ அவர்களும் கூச்சமின்றி அவனை அணிந்துகொள்ளலாம்.

கார்ட்டூனிஸ்ட் ஜோ சாக்கோவின் முன்னுரையோடு நாஜியின் படங்கள் 2009இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. ஹந்தலா பார்த்த காட்சியை மீட்க, தமிழ்ப் பதிப்பாளர்களும் அப்படியொரு தொகுப்பைக் கொண்டுவர வேண்டும்.