வேலையில் கற்றதற்குச் சான்றிதழ் எங்கே?

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளிடம் பாலோவில் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சிங்கப்பூர் போறியா, குளுவாங் பக்கமே வேலை பார்க்கிறியா?" என்பதுதான். வேலை கிடைத்ததும் இரண்டாவது கேள்வி வருகிறது: "சம்பளம் எவ்வளவு?" அந்த வேலையில் என்ன கற்றுக்கொடுப்பார்கள், மூன்று ஆண்டு கழித்து அதற்கு அத்தாட்சியாகக் கையில் என்ன இருக்கும் என்று கேட்கும் பெற்றோரை நான் அரிதாகவே பார்க்கிறேன். கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

வேலையிடத்தில் கற்பது நமக்குப் புதிதன்று. தோட்டப்புறத்தில் விடியற்காலைப் பெரட்டுக்களமே வகுப்பறையாக இருந்தது. எந்தக் குலை பழுத்தது, எது காய், மட்டையை எங்கே வெட்டுவது என்பதையெல்லாம் மண்டோரிடமும் மூத்தவர்களிடமும் பார்த்துத்தான் பழகினார்கள். பட்டறையில் சேர்ந்த பையனுக்கு ஃபோர்மன் சொன்ன பாடத்திட்டம் ஒரே வரி: "பக்கத்துல நின்னு பாரு." இன்று நிர்வாகத் துறையில் '70:20:10' என்று ஒரு சூத்திரத்தைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஒருவர் கற்பதில் 70 விழுக்காடு வேலை செய்வதிலும், 20 விழுக்காடு உடன் இருப்பவர்களிடமும், 10 விழுக்காடு மட்டுமே வகுப்பிலும் நடக்கிறதாம். மேலாளர்கள் தங்கள் அனுபவத்தை நினைவுகூர்ந்து சொன்னதிலிருந்து பிறந்த கணக்கு அது. எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அது சொல்ல வரும் விஷயம் நம் பாட்டனுக்கே தெரியும்.

நம்மிடம் குறைந்தது கற்றல் அன்று, கற்றதற்கான அங்கீகாரம். இருபது ஆண்டு டிராக்டரும் லாரியும் பழுதுபார்த்தவர், தோட்டம் கைமாறியதும் வேறு இடத்தில் 'அனுபவமற்ற பொது ஊழியர்' என்ற பெயரில் மறுபடி அடிமட்டச் சம்பளத்தில் சேருவதை நம் ஊரில் கண்டிருக்கிறோம். அவர் கைக்குத் தெரிந்தது எந்தத் தாளிலும் இல்லை.

இதை மாற்றுவதற்கான வழிகள் நாட்டில் சட்டப்படியே இருக்கின்றன. முதலாவது, பணம். 1993 முதல் இயங்கிவரும் மனிதவள மேம்பாட்டு நிதி, இன்று எச்.ஆர்.டி. கோர்ப் என்று அழைக்கப்படுகிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட முதலாளி, அவர்களுடைய மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை இந்த நிதிக்கு லெவியாகக் கட்ட வேண்டும். ஊழியர் சம்பளத்திலிருந்து இதைப் பிடிக்கக் கூடாது. 2021 மார்ச் முதல் தேதியிலிருந்து விவசாயம் உட்பட மேலும் பல துறைகள் இதற்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே பாலோவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு மாதம் 17 வெள்ளி. அப்படி 40 மலேசியர்கள் வேலை செய்யும் இடத்தில் ஆண்டுக்கு 8,160 வெள்ளி. அந்தப் பணம் அந்த 40 பேரின் பயிற்சிக்கென்றே ஒதுங்கி நிற்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பல நிறுவனங்களில் இந்தப் பணம் அலுவலகத்தாரைத் தாண்டுவதில்லை. நிர்வாகிகளுக்கு ஜொகூர் பாருவிலோ கோலாலம்பூரிலோ ஹோட்டலில் இரண்டு நாள் 'தலைமைத்துவப் பயிற்சி'. ஆலையிலும் வெளிக்காட்டிலும் நிற்பவருக்குக் காலையில் பத்து நிமிடப் பாதுகாப்பு விளக்கம், பிறகு வருகைத் தாளில் ஒரு கையெழுத்து. இரண்டுக்கும் பெயர் பயிற்சிதான்.

இரண்டாவது வழி பி.பி.தி. எனப்படும் முன்திறன் அங்கீகாரம். திறன் மேம்பாட்டுத் துறை நடத்துவது. வேலை செய்து கற்ற ஒருவர், தான் செய்த வேலைகளின் படங்கள், வேலைத் தாள்கள், மேலதிகாரியின் உறுதிக் கடிதம் முதலியவற்றை ஒரு கோப்பாகத் தொகுத்துத் தருகிறார். மதிப்பீட்டாளர் அதை ஆராய்ந்து, ஆளையும் நேரில் பார்த்து மதிப்பிடுகிறார். தேறினால் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். பள்ளிப் பெஞ்சில் மீண்டும் உட்கார வேண்டியதில்லை. எஸ்.கே.எம். மூன்று நிலை, அதற்கு மேல் திறன் டிப்ளோமா, உயர் டிப்ளோமா வரை ஏறலாம்.

பள்ளி முடித்த கையோடு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு எஸ்.எல்.டி.என். இருக்கிறது. ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையைப் பார்த்து 2005-இல் இங்கே தொடங்கப்பட்டது. 70 முதல் 80 விழுக்காடு நேரம் வேலையிடத்தில், மிச்சம் பயிற்சி மையத்தில். நிறுவனம் பயிற்சியாளரோடு ஒப்பந்தம் செய்து, படித்தொகையும் கொடுக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்கு அஞ்சிப் படிப்பை விடும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் நாம் பேசுவதெல்லாம் மெட்ரிகுலேஷன் இடங்களைப் பற்றித்தான்.

இது நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படுபவர்கள் செம்பனை ஆலையின் கொதிகலன் அறைக்குள் எட்டிப் பார்க்கலாம். குலைகளை அவிப்பதும் டர்பைனைச் சுழற்றுவதும் நீராவி. நாரையும் ஓட்டையும் எரித்து அதை உண்டாக்கும் பாய்லரை யார் வேண்டுமானாலும் இயக்கிவிட முடியாது. தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அந்தத் தேர்வுக்கு உட்கார பாய்லர் பக்கத்தில் வேலை செய்த அனுபவம் வேண்டும். எனவே அங்கே உதவியாளாகச் சேர்ந்தவன் வேலை செய்துகொண்டே படித்துப் படிப்படியாக மேலே போகிறான். ஆலைக்கும் அவன் தேவைப்படுகிறான். சட்டம் கட்டாயப்படுத்திய ஓரிடத்தில் இந்த ஏணி நிற்கிறது. பக்கத்திலேயே பட்டறையில் வெல்டிங் செய்பவனுக்கு ஏன் இல்லை?

"கத்துக்கொடுத்தா ஓடிடுவான்" என்பது முதலாளிமார் வழக்கமாகச் சொல்லும் பதில். ஓடுகிறவன் இப்போதும் ஓடத்தான் செய்கிறான். சிங்கப்பூர் டாலரோடு நம் சம்பளம் போட்டி போட முடியாது. சிடேனாக்கில் தரவு மையங்கள் எழுகின்றன. கெமாஸ் - ஜொகூர் பாரு இரட்டை மின்ரயில் பாதை நம் பாலோவைக் கடந்துதான் போகிறது. அதில் ஏறிப் போகாமல் ஒருவனை நிறுத்தும் காரணம் ஒன்று இருக்குமானால், அது இங்கேயே அவன் மேலே வர முடியும் என்ற நம்பிக்கைதான். அரசாங்கத்தின் முற்போக்குச் சம்பளக் கொள்கையும் சம்பள உயர்வைப் பயிற்சியோடு சேர்த்தே பார்க்கிறது. அதில் சேரும் முதலாளிக்கு ஊக்கத்தொகை உண்டு.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்று குடிமக்களுக்குப் பயிற்சிக்கான தொகை தருகிறார்கள். 2024-இல் 40 வயதைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக 4,000 டாலர் தந்தார்கள். பெர்மிட்டில் போய்வரும் நம் பிள்ளைக்கு அது கிடையாது. பத்து ஆண்டு பாலம் கடந்தவன் திரும்பி வரும்போது சேமிப்பு இருக்கலாம், சான்றிதழ் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இணையவழிக் கல்வி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எச்.ஆர்.டி. கோர்ப்பின் இ-லாத்தே தளத்தில் இலவசப் பாடங்கள் இருப்பது நல்லதுதான். எக்ஸெல் கற்க அது போதும். ஹைட்ராலிக் பம்பைக் கழற்றி மாட்டக் கைபேசித் திரை போதாது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் எத்தனை காணொளி பார்ப்பான்? மேற்பார்வையாளருக்குக் கற்றுக்கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, வேலை நேரத்திலேயே வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் பலன் அதிகம். மலாய் எழுத்தில் தடுமாறும் மூத்த தொழிலாளிக்கு, கோப்பைத் தயாரிக்கும்போது பக்கத்தில் ஓர் இளைஞரை உட்கார வைக்கலாம். கோயில் மண்டபத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே, நேர்முகத் தேர்வில் சம்பளத்தைக் கேட்ட பிறகு இன்னும் இரண்டைக் கேளுங்கள்: இங்கே லெவி கட்டுகிறீர்களா? எஸ்.கே.எம். எடுக்க உதவுவீர்களா? சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே செய்த வேலைகளை ஒரு குறிப்புப் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். அனுமதி கேட்டுப் படம் எடுத்து வையுங்கள். வேலை மாறும்போது, எந்த இயந்திரத்தில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிட்டுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மேலாளர் மாற்றலாகிப் போயிருப்பார், பட்டறையே மூடியிருக்கும், கையெழுத்துப் போட ஆள் இருக்காது.